மந்திரிக்காத பொட்டலம்

செவ்வாய், இரவு

அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டபடி இன்று மாலை கடலூர் கோயிலுக்குப் புளிசாதப் பொட்டலங்கள் கொண்டுபோனேன். பூசைக்கு முன்பே வாசலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து கேட்டாள்.

"ஒண்ணு குடுங்கக்கா. குமராட்சி போவணும், பஸ் வந்துரும். புள்ள காலையிலேருந்து சாப்புடல."

"ஃபாதர் ஜெபிச்சு மந்திரிக்கட்டும்மா. பூசை முடிஞ்சதும் மொதல்ல ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பிரசங்கம் நீண்டது. ஒரு பொட்டலம் குறைந்திருந்தால் அந்தோணியார் கோபித்துக்கொண்டா இருப்பார்?

வெளியே வந்தபோது அவள் இல்லை. அவளுக்கென்று எடுத்துவைத்த பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"மந்திரிச்சதக் குப்பையில போடாத, நீயே சாப்புடு" என்றார் வீட்டுக்காரர்.

சாப்பிட்டேன். சற்றுமுன் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிய அதே நாக்கு. ருசியாகத்தான் இருந்தது.