ஏழாம் எண் செடி

ஜூலை 6, ஞாயிறு

இனி எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்கு நல்ல பெயர் வராத இடங்களையும் சேர்த்து.

அம்மாவின் முறிந்த காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தில் அவளுக்கு வேலை. ஆண்டுதோறும் மலை முகட்டுக்குப் போய்க் காட்டு பக்வீட் என்ற மஞ்சள் பூச்செடிகளை அளப்பாள். "இந்த வருஷம் அதுங்களைப் போய்ப் பாக்க முடியாது போலிருக்கே" என்கிறாள். செவ்வாயன்று பள்ளியில் எங்களை அதே முகட்டுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். எனக்கு ஒரு யோசனை!

ஜூலை 8, செவ்வாய்

முகட்டில் காற்று ஆளையே தள்ளியது. செடிகள் மெத்தை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தன. அம்மாவுக்குக் கொடுக்க, உள்ளதிலேயே உருண்டையான, மஞ்சள் பூ நிறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வேரோடு எடுப்பதே முறை என்று படித்திருக்கிறேன். ஸ்கேலால் எவ்வளவு நோண்டியும் வேர் முடியவில்லை. இழுத்தேன், அறுந்தது. பக்கத்தில் 7 என்று பொறித்த தகரத் துண்டு ஒன்று. யாரோ போட்ட குப்பை என்று அதையும் எடுத்துவந்தேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா தூங்கிவிட்டிருந்தாள். காலையில் கொடுக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

அம்மா முதலில் பார்த்தது தகரத்தை.

"இதை எங்கேருந்துடி எடுத்தே?"

"செடிக்குப் பக்கத்துலம்மா. குப்பைன்னு..."

"பதினாறு வருஷமா நான் அளக்கிற ஏழாம் நம்பர் செடிடி இது. உன்னை வயித்துல வெச்சுக்கிட்டுக்கூட ஏறிப் போனேன். என்னைவிட அதுக்கு வயசு அதிகம்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"திருப்பி நட்டுடலாம்மா?"

"ஆணிவேரே போயிடுச்சு."

ஆனாலும் தொட்டியில் மணலும் கூழாங்கல்லும் போட்டு நட்டேன்.

ஜூலை 10

பச்சையாகத்தான் இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

இல்லை. தொட்டால் இலை உதிர்கிறது.

அம்மா தொலைபேசியில் மேலதிகாரியிடம் பேசியது கேட்டது: "நான்தான் சார் எடுத்துட்டு வரச் சொன்னேன். ஆமா சார், என் தப்புதான்." அம்மா என்னை எடுத்துவரச் சொல்லவே இல்லையே! இனி முகட்டு வேலை அவளுக்கு இல்லையாம். என்னால் — எல்லாம் என்னால்தான்.

ஜூலை 14

செடியைத் தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்திவிட்டாள். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை.

ஜூலை 30, புதன்

பள்ளி விட்டதும் காப்பகத்துக்குப் போனேன். அம்மா ஊன்றுகோலோடு வேலைக்கு வந்திருந்தாள். செடிகளை அட்டையில் ஒட்டும் பசை மாமா, சேகரித்தவர் என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"அது நான் மாமா. நான்தான் பிடுங்கினேன். என் பேரைப் போடுங்க."

"அடேயப்பா! திருடிட்டு ரசீது கேக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாருக்குத் தெரிஞ்சா உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்டி."

"வர்றேன்மா."

அம்மா பேனாவை எடுத்தாள். தன் பெயரைத் தானே அடித்துவிட்டு என் பெயரை எழுதினாள். குறிப்பு என்ற இடத்தில்: "பதினாறு ஆண்டுகள் அளக்கப்பட்டது. கடைசி அகலம் பதினான்கு சென்டிமீட்டர்."

அலமாரியை மூடியதும் ஊன்றுகோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை என் தோளில் ஊன்றினாள். கனமாக இருந்தது. அசையாமல் நின்றேன். மணி ஐந்தானதும் பசை மாமா ஒவ்வொரு வரிசையாக விளக்குகளை அணைத்தார்.