ஞானத்தகப்பனாக ஒரு படம்

மார்ச் 12, செவ்வாய்

இறந்துபோன என் கணவரின் படத்தைப் பேரனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக வைக்கச் சொன்னேன் என்று லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் பேசுகிறார்கள். தவறு. நான் கேட்டது புனித அந்தோனியார் படத்தை. மகள் தேர்ந்தெடுத்திருப்பவர் பூசைக்கே போகாதவர்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், புனிதர் படங்களைத் தடைசெய்த பேரரசரை எதிர்த்த பைசாந்தியத் துறவி ஒருவர், ஒரு புனிதரின் படத்தையே தன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக்கிய ஒருவரைக் கடிதம் எழுதிப் பாராட்டியிருக்கிறார். அதை நகலெடுத்து இன்று பங்குச் சாமியாரிடம் கொடுத்தேன்.

"படம் பிள்ளைக்குச் செபம் சொல்லித் தருமா, மதாம்?" என்று சிரித்தார்.

"நீங்க பார்த்ததுல எத்தனை ஞானத்தகப்பன் சொல்லித் தந்தாங்க, சாமி?" என்றேன்.

ஞாயிறன்று ஞானஸ்நானம். நாளை சாமியாருக்கு இப்படி எழுதப்போகிறேன்: சிரிப்பு பதிலாகாது. மறுப்பதானால், காரணத்தை எழுதித் தாருங்கள்.