ஊசிக்கு வெறும் வயிறு

ஜூலை, புதன் இரவு.

பேராவூரணி பாயின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

காலேஜ் ஹெல்த் ரூமில் இன்று முதல் வருஷ நர்சிங் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. அதைப் போட்டால்தான் வார்டுக்குள் விடுவார்கள். பேராவூரணியிலிருந்து அத்தாவோடு வந்திருந்த பாத்திமா, நான் பஞ்சை எடுப்பதற்குள் சரிந்துவிட்டாள். கட்டிலில் படுக்கவைத்து, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டேன். பதில் சொன்னது அவள் அத்தா.

"நேத்து ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணிகூட குடுக்கல சிஸ்டர். மெடிக்கல் டெஸ்டுக்கு வெறும் வயித்தோடதானே வரணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது துபாய் போறதுக்கான மெடிக்கல் இல்ல பாய். வெறும் தடுப்பூசி. நல்லா சாப்பிட்டுட்டே வரலாம்."

அவர் சவுதியில் வேலை பார்த்தவராம். லீவில் வந்துவிட்டு மறுபடி கிளம்பியபோது, மெடிக்கலில் அன்ஃபிட் என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு ஊரிலேயே தங்கிவிட்டார். "இவளுக்கும் அப்படி ஏதாச்சும் சொல்லி, நர்சிங் சீட்டு போயிடுமோன்னு..." என்றார்.

என் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்து, கேண்டீனிலிருந்து டீ வரவழைத்தேன். அவளுக்குத் தெம்பு வந்ததும் ஊசி போட்டேன்.

"அத்தா, நீங்களும்தான் ஒண்ணும் சாப்பிடல" என்று பிஸ்கட்டை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தடுப்பூசியில் தேறுவதும் கிடையாது, தவறுவதும் கிடையாது. இருந்தாலும் சத்தமாகவே சொன்னேன். "ஃபிட்டு பாய். உங்க பொண்ணு ஃபிட்டு."

அதற்கப்புறம்தான் அவர் கை பிஸ்கட்டுக்கு நீண்டது.