களரிக்கு வெளியே கேட்ட வாய்த்தாரி

மாசி 4, செவ்வாய்

கணவாய்க் காற்று. காயப்போட்ட மிளகாயில் பாதி வேலியில் போய்த் தொங்கியது. பொறுக்கி முடிக்க உச்சிப்பொழுது. கண் இன்னும் எரிகிறது.

பொழுதோடு, கம்பு பழகுகிற களரியில் பயிற்சி ஆரம்பம். கோயில் பூரத் திருவிழாவுக்கு என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் ஆடுகிற ஜோடிக் கம்பு இந்த வருஷமும் உண்டாம். களரி எங்கள் மாட்டுக் கொட்டகையை ஒட்டினாற்போல். நடுவே ஓலைத் தடுப்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்கு எல்லாம் தெரியும். ஆசான் சொல்லிக்கொண்டே போவார். அதற்குத்தான் வாய்த்தாரி என்று பேர். ஒரு சொல்லுக்கு ஒரு அடி, அடுத்த சொல்லுக்கு ஒரு தடுப்பு. வலத்து மாறி, தலைக்கு வெட்டி, தடுத்து, அமர்ந்து, பொங்கி. மலையாளம்தான், ஆனால் கோழிஞ்சாம்பாறைச் சந்தையில் பேசுகிற மலையாளம் இல்லை. ராகம் போட்டு இழுக்கிற மலையாளம்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாணி அள்ளிக்கொண்டே கேட்டுக் கேட்டு, ஜோடிக் கம்பு முழுக்க எனக்கு மனப்பாடம். அப்பா வாத்தியார். "இவளுக்கு ஒருக்காச் சொன்னாப் போதும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். இங்கே யாரிடமும் சொன்னதில்லை. பெண்டுகள் களரிக்குள் கால் வைக்கக் கூடாது. காது வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவருடைய அண்ணனை இனி மூ. என்றே எழுதப்போகிறேன். மூத்தார் பேரைச் சொல்லக் கூடாது, எதிரில் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேரை எழுதலாமா என்று கேட்கவும் ஆள் இல்லை.

மாசி 6, வியாழன்

காற்று குறையவில்லை. ராகிக்கு நாளை தண்ணீர் முறை.

சோறு போடும்போது அவரிடம் கேட்டேன். "ஏனுங்க மாமா, ஆசான் சொல்லாட்டி நீங்களா அடிக்க முடியாதுங்களா?"

"முடியும். மெதுவாத்தான் வரும்."

"ஏனுங்க?"

"யோசன வந்துருது புள்ள. யோசன வந்தா அடி வுழுந்துரும்."

ஆசானும் அதைத்தான் தினமும் கத்துகிறார். "கேட்டா மதி, ஆலோசிக்கண்டா." கேட்டால் போதும், யோசிக்காதே. நல்ல பள்ளிக்கூடம். எங்கப்பா கேட்டால் பிரம்பை எடுப்பார்.

ஆனால் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். போன வருஷம் சந்தையில் ஒரு மாட்டுத் தரகன் இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். இத்தனை வருஷம் களரியில் ஆடினவர் அப்படியே நட்டு வைத்தமாதிரி நின்றாராம். மூ. வந்து விலக்கிவிட்டிருக்கிறார். கூச்சமா, பயமா என்று அப்போது நினைத்தேன். இரண்டும் இல்லையோ? சொல்ல ஆள் இல்லாமல் உடம்புக்கு வழி தெரியவில்லையோ?

மாசி 8, சனி

எண்ணெய் தேய்க்கிற நாள். சீயக்காய் தீர்ந்துவிட்டது. ஓரகத்தியிடம் வாங்கி வந்தேன். அவள் மூ. சம்சாரம், எனக்கு அக்கா முறை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கைதான்.

இன்று ஒரு சோதனை செய்தேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

அவர் வாசலில் செம்பை வைத்துக்கொண்டு கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் முதுகுப் பக்கம் நின்று, "கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்க" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டார். அசையவில்லை. சற்றுப் பொறுத்து, ஆசான் இழுக்கிற மாதிரியே மூக்கால் இழுத்து, "வலத்து மாறி" என்றேன். கால் சரக்கென்று போய்விட்டது. செம்புத் தண்ணீர் முழுக்க வேட்டியில்.

"ஆரு சொன்னது?"

"ஆசான் கொரலாட்ட இருந்துதுங்க."

நம்பிவிட்டார் மனுஷன். களரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்தார்.

ஆக விஷயம் அர்த்தத்தில் இல்லை. அர்த்தம் சொன்னால் எதுக்கு என்று கேட்கிறார்கள். இழுப்பில் சொன்னால் ஒன்றும் கேட்காமல் செய்துவிடுகிறார்கள்.

பிறகு கொட்டகையில் உலக்கையை வைத்துக்கொண்டு நானே சொல்லி நானே ஆடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உலக்கை போய்த் தொட்டியில் மோதியது, எருமை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்கு வாயில் இருப்பது அவர்களுக்கு உடம்பில் இருக்கிறது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

மாசி 11, செவ்வாய்

அனல். ஆசான் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். களரி பூட்டிக் கிடக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. இன்று எங்கள் முறை, ஆனால் மூ. தண்ணீர் இறைக்கிற கவலையிலிருந்து தன் மாட்டை அவிழ்க்கவில்லை. நேற்று தண்ணீர்ச் சாலின் கயிறு அறுந்து அவருக்குத் தண்ணீர் பாதிதான் கிடைத்ததாம், அதனால் இன்றும் எடுத்துக்கொண்டார். இவர் போய்க் கேட்டார். பண்ணையாள் மாரன்தான் வந்து சொன்னான்.

"சின்னவரு மெதுவாத்தானுங்க கேட்டாரு. பெரியவரு சொல்லக் கூடாததைச் சொல்லிப்போட்டாருங்க."

"என்னன்னு?"

மாரன் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இது எங்கப்பன் வெட்டுன கெணறு. நீ எவனுக்குப் பொறந்தியோ அவங்கெணத்துல போயி எறச்சுக்க. அப்படீன்னு போட்டாருங்க."

செத்துப்போன மாமியாரை இழுத்துவிட்டார். தனக்கும் அவள்தானே தாய் என்பதுகூட அந்த நேரம் தோன்றவில்லை. வெயில் தலைக்கு ஏறிய வாய். ஆனால் சொன்னது சொன்னதுதான். இதற்கு ஒரு தடுப்பும் களரியில் கிடையாது.

அவர் வந்தார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மாசி 12, புதன்

பரண்மேல் இருந்த நெடுங்கம்பை இறக்கி எண்ணெய் போட்டார். எதுக்குங்க என்றேன். "பூரத்துக்கு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காது சிவந்துவிடும்.

இன்று நான் செய்தது:
கம்பை வைக்கோல் போரில் ஒளித்தேன். தேடி எடுத்துவிட்டார்.
தோட்டத்துச் சாளை வீட்டில் விளக்கு வைத்துக் கும்பிட்டேன்.
ஓரகத்தியிடம் போய் அழுதேன். அவளும் அழுதாள். "இவரும் கம்ப எறக்கி வெச்சிருக்காரு கண்ணு. கேட்டா பூரத்துக்குங்கறாரு."

சந்தையில் நின்ற மாதிரி இவர் நின்றுவிட்டால் மூ. அடி தலையில் விழும். நிற்காமல் அடித்துவிட்டால் இவர் கொலைகாரன். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

மாசி 13, வியாழன்

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணினால் கோணட்டும்.

மத்தியானம். ராகி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாரன் ஓடிவந்தான். "கெணத்து மேட்டுலீங்க, ரெண்டு பேரும்" என்றான். அப்படியே ஓடினேன். கையெல்லாம் மாவு.

போவதற்குள் முதல் அடி விழுந்திருந்தது. இவர் இடத்தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூ. கம்பை ஓங்கிச் சுற்றி வந்தார். ஓரகத்தி வரப்பில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் எல்லாம் தூரத்தில். யார் கிட்டே போவான்?

"வேண்டாமுங்க, உட்டுருங்க" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும், ஆனால் யாருக்கும் காதில் ஏறவில்லை. அந்த மாதிரிச் சொற்கள் சண்டைக்குள் போவதில்லை என்று அப்போது தெரிந்தது.

பிறகு எப்படி வந்தது என்று தெரியாது. யோசிக்கவில்லை. ஆசான் மாதிரியே வயிற்றிலிருந்து இழுத்து, "வலத்து மாறி" என்றேன்.

இவர் கால் மாறியது. மூ. கம்பு இவர் நின்றிருந்த இடத்தில் காற்றை வெட்டியது.

"தலைக்கு வெட்டி." மூ. கம்பு மேலே போனது. ஐயோ, என்ன சொல்லிவிட்டேன் என்றிருந்தது. வாய் நிற்கவில்லை. "தடுத்து." இவர் தடுத்தார். டக்கென்று சத்தம், பூரத்தில் கேட்கிற அதே சத்தம். "இடத்து மாறி, விலாவுக்கு, தடுத்து." இப்போது இவர் அடி, மூ. தடுப்பு. இரண்டு பேரும் சின்ன வயசிலிருந்து ஒரே ஆசான், ஒரே ஜோடி. எந்தச் சொல் யாருக்கு என்று அந்த உடம்புகளுக்குத் தெரியும். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கையும் காலும் மட்டும் என் சொல்லுக்குப் போய்விட்டன.

இதில் ஒரு பயங்கரம். நான் நிறுத்தினால் சண்டை திரும்பிவிடும். தப்பாகச் சொன்னால் யாராவது ஒருவர் மண்டை போய்விடும். சொல்லிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் ஒரு சொல்லை விட்டுத் தாண்டினேன். தெரிந்தேதான். இரண்டு பேரும் கால் நொடி தடுமாறி, அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அடி போகப்போக வேகம் குறைந்தது. வேர்வை. மூச்சு இரைப்பு. கடைசியில், "தொழுது மாறி" என்றேன்.

இரண்டு பேரும் கம்பைத் தாழ்த்தி, குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, பின்னால் போய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் கும்பிட்டாகிவிட்டது. அதற்கு அப்புறம் என்ன செய்வது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மூ. முதலில் திரும்பிப் போனார்.

அப்புறம்தான் உறைத்தது. மூத்தாரோடு முதல்முதலாகப் பேசியிருக்கிறேன். அதுவும் அதிகாரம் பண்ணி.

மாசி 14, வெள்ளி

தோள் வீக்கம். நொச்சி ஒத்தடம். எலும்புக்கு ஒன்றும் இல்லை.

அவருக்கு என்மேல் கோபம். உயிரோடு இருப்பதற்குக் கோபம்.

"பொண்டாட்டி சொல்லி ஆடுனவன்னு ஊரே சிரிக்குது. வேலந்தாவளம் வரைக்கும் போயிருச்சாமா. பூரத்துல எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது?"

"மண்ட ஒடஞ்சிருந்தா எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிப்பீங்க?"

"உன்ற வாய அடக்கு."

"அடக்கித்தானுங்க இருந்துது இத்தன வருஷம்."

சட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். எனக்கும்தான் ரோஷம் இருக்கிறது.

முருங்கை வழியாக ஓரகத்தி மோர் கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானுங் கத்துனேன் கண்ணு, என்ற வாயில அம்மா அம்மான்னுதான் வந்துது. உனக்கு எப்புடி அது வந்துது?" என்றாள். சாணி அள்ளும்போது கேட்டதுதான் என்றேன். அவள் நம்பவில்லை. சாமி வந்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்களாம். எந்தச் சாமி மலையாளத்தில் வரும் என்று கேட்டேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

மூ. வெளியே வரவில்லையாம். கவலையில் மாடு பூட்டவில்லை. இரண்டு வீட்டு ராகியும் காய்கிறது. யார் முதலில் கிணற்றுக்குப் போவது என்று இப்போது மானப் பிரச்சினை.

மாசி 16, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். ராகி நுனி சுருண்டுவிட்டது.

அவர் படுத்திருந்தார். எருமைக்குச் சோளத்தட்டு அறுக்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் மூ. காளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

பேச்சுச் சத்தம் கேட்டது. காளையிடம்தான் பேசினார். முகம் காளையைப் பார்த்து, கை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு. இப்படித்தான் எங்கள் பக்கம் மூத்தார் எதையாவது கேட்கவேண்டுமென்றால் கேட்பது.

"நடுவுல அமரச் சொல்ற எடத்த உட்டுப்போட்டாங்க. எனக்கு வர்ற சொல்லு அது. மறந்துபோச்சா? இல்ல, ஊட்டுக்காரனக் காப்பாத்த உட்டதா?"

எனக்கும் பதில் சொல்லும் வழக்கம் தெரியும். நானும் காளையைப் பார்த்துக்கொண்டேன்.

"மறக்கலீங்க. அமர்ந்தா திரும்பி எந்திரிக்கோணுமுங்க. ஆவணியில மாடு மிதிச்ச பெரியவரு முழங்கால் அது, எந்திரிக்க வராதுங்க. அடுத்த சொல்லு எங்க ஊட்டுக்காரருக்குங்க, தலைக்கு வெட்டி. தடுக்கறதுக்குள்ள கம்பு வந்து வுழுந்திருக்குமுங்க."

காளை வாலை வீசியது. மூ. அதன் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் போகலாமா நிற்கலாமா என்று இருந்தது.

பிறகு காளையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நேராக முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு மொற உங்களுது. அவன வெடியால மாட்டப் பூட்டச் சொல்லு. அன்னிக்கு நாஞ் சொன்னது எங்கம்மாளையே சொன்னதுன்னும் சொல்லு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "மாட்டுகிட்ட இல்ல அம்முணி, உன்றகிட்டத்தான் சொல்றேன்."

நானும் காளையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே சரிங்க என்றேன்.