கிழித்துக்கொண்டு போன விடைப் பக்கம்

ஆவணி 15, ஞாயிறு.

அக்கா மகள் நிவேதா நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் எட்டு மாதம் ஆகிறது. போகும்போது தன் இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு பத்தியிலும் பத்து இடம் காலியாக இருக்கும். ஏற்ற வார்த்தையை எழுத வேண்டும். நான் பார்த்து எழுதிவிடுவேன் என்று விடைப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறு தோறும் போனில் அவளே திருத்துவாள்.

எட்டாவதோடு நின்றவன்தான் நான். ஆனாலும் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போனபோது என் இங்கிலீஷைக் கேட்டு இரண்டு வெள்ளைக்கார இன்ஜினியர்கள் கைதட்டினார்கள். மூன்று என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்றும் படித்துக் காட்டினேன். பத்தும் சரி.

"வாரா வாரம் பத்துக்குப் பத்துதானுங்க மாமா. அப்பறம் நான் எதுக்குங்க? விடையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பீட்டேன், இனி நீங்களே பாத்துக்கோங்க. ஞாயித்துக்கெழமையும் டூட்டி போடறாங்க."

"அதுக்கென்ன சாமி, எனக்கு அது ஒரு நிமிச வேலை" என்று சிரித்தேன். வைத்துவிட்டாள்.

அடுத்த பத்தியை எழுதி, போட்டோவோடு ஒத்துப் பார்த்தேன். பத்தும் சரி. யாரிடம் சொல்வது? ரப்பரை எடுத்து நான்கை அழித்துத் தப்பாக எழுதினேன். பிறகு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்.

"நாலு தப்பு சாமி. ஏன்னு வெளங்கல. ஒருக்கா கூப்புட்டுச் சொல்லீரு."

தப்பு என்று என் வாயால் சொன்னது இதுவே முதல் தடவை. அவள் கேட்டுவிட்டாள், நீல டிக் விழுந்திருக்கிறது. கூப்பிடவில்லை.

ஆறு தப்பு என்று சொல்லியிருக்கலாம்.