காத்தடிச்சா இன்னா பண்ணுவே?

ஊரிகம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள டென்னிஸுக்கு,

ஜெசிந்தா எழுதுறேன். சுகம்னு எழுத கை வரலை. போன்ல பிள்ளை பேச்சை எடுத்தாலே கட் பண்றீங்க. அதான் மஸ்கட் திரும்புற சைலஸ் அண்ணன் கையில இதைக் குடுத்து அனுப்புறேன்.

நம்ம லவினாவோட புத்தியை அளந்த கூத்தை முழுசா கேளுங்க. ஸ்கூலுக்கு பெங்களூர்லேந்து ஒரு மேடம் வந்தாங்க. வீட்ல தமிழ் பேசுற ஏழு வயசுப் பிள்ளைகிட்ட எல்லாக் கேள்வியும் இங்கிலீஷ்ல, புரியலைன்னா கன்னடத்துல. பலமா காத்தடிச்சா இன்னா பண்ணுவேன்னு கேட்டிருக்காங்க. ஜன்னலைச் சாத்தி சோத்தை மூடுவேன்னு இவ சொல்லியிருக்கா. தப்பாம்! பட்டம் விடுவேன்னு சொல்லணுமாம். தங்கச் சுரங்கத்துக் கழிவைக் கொட்டி வெச்ச சயனைடு மேட்டு மண்ணு பறந்து வந்து தட்டுல விழற ஊர்ல பிள்ளை வேற இன்னா சொல்லும்?

யோசிச்சு சொன்னதுக்கு நேரமாச்சுன்னு வேற மார்க்கைக் கழிச்சாங்க. கடைசியில ஐ.க்யூ அறுபத்தெட்டாம், சாதாரணப் பிள்ளைக்கு நூறு கிட்ட இருக்கணுமாம். புத்தி பிறவியிலயே வர்றது, இனிமே ஏறாதுன்னு மத்த அம்மாக்கள் முன்னாடியே சொன்னாங்க அந்தம்மா. சீ! மாட்டுச் சந்தையில கூட துண்டுக்குள்ள கையை விட்டுத்தான் விலை பேசுவாங்க.

பங்காருபேட்டை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். பழகாத பாஷையில வெச்ச டெஸ்ட்டை நம்பக் கூடாது, தமிழ்லயே இன்னொரு தரம் பார்க்கணும்னாங்க. அதைச் சொல்ல ஹெட்மாஸ்டர்கிட்ட ஓடினேன். ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாத்த அப்பா சம்மதிச்சுட்டாரேன்னு நீங்க கையெழுத்து போட்டு அனுப்பின ஃபாரத்தை போன்ல காட்டினாரு. அந்த மேடம் யாரோ எவரோ. நீங்க பெத்தவரு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவ்ளோ அவமானமா போச்சா உங்களுக்கு?

அந்த நம்பர் வந்ததுலேந்து, லவினாகிட்ட போனைக் குடுன்னு நீங்க ஒரு தரம் கூட கேக்கலை. சின்னப் பிள்ளைக்கு இன்னா தெரியும்னு நினைச்சுட்டீங்க.

இதைப் படிச்ச கையோட, சம்மதம் இல்லைன்னு ஸ்கூலுக்கு எழுதுங்க. அப்புறம் போன் பண்ணுங்க. என்கிட்ட பேச வேணாம், லவினாவைக் கூப்பிடுங்க. நேத்து தலை வாரும்போது கேட்டா, எவ்ளோ மார்க் வாங்கினா அப்பா என்கூட பேசுவாருன்னு. நீங்களே அவளுக்குச் சொல்லுங்க.

ஆண்டவர் உங்க மனசைத் தொடட்டும்.

வெறுத்துப்போயும் உங்க போனுக்குக் காத்துக்கிட்டிருக்கிற,
ஜெசிந்தா