மைக்கில் நான் பேசிய இங்கிலீஷ்

என்னங்க, சின்னவள் கல்யாணத்துக்கு நான் கட்டிய பட்டுப்புடவையை அலமாரியில் வைக்கப் போனேன். உங்கள் பழுப்புக் கோட்டிலிருந்து அந்துருண்டை வாசனை வந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் போய்ச் சேர்ந்து, சின்னவளும் கல்யாணமாகிப் போய், நம் வீட்டில் இப்போது நான் ஒருத்திதான்.

பெரியவள் கல்யாண விருந்துக்கென்று சிரம்பானில் தைத்த கோட்டு. தோட்டத்து லாரி ஓட்டி, மேனேஜரிடம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு அன்றைக்கு மைக்கைப் பிடித்தீர்கள். "திஸ் கேர்ள் ஆ, ஐ நெவர் பீட் ஒன். யூ ஆல்சோ டோன்ட் பீட், ஓகே?" மண்டபமே சிரித்தது. எனக்கு மானம் கப்பலேறியது. வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். "அடிக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளைக்கு வெளங்கிருச்சு இல்ல? அப்புறம் என்னா லா," என்று கைலியை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டீர்கள்.

சின்ன மாப்பிள்ளையும் நம்மவர்தான். ஆனால் வீட்டில் இங்கிலீஷே பேசி வளர்ந்தவர், பெரிய மாப்பிள்ளையைப் போலவே தமிழ் விளங்காது. பாசாரில் மீன், காய்கறி வாங்கப் பேசும் என் மலாய் அந்தச் சபைக்கு ஆகாது. "அம்மா, நீங்க ஒண்ணும் பேச வேணாம். மாமா பேசிக்குவாரு. சும்மா சிரிங்க, போதும்," என்று சின்னவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

விருந்தில் கேக் வெட்டியதும், விவரம் தெரியாத அறிவிப்பாளர் மைக்கை என் கையில் திணித்துவிட்டார். என் தம்பி எழுந்து வருவதற்குள் கைதட்டிவிட்டார்கள். ஒரு தேங்க்யூவோடு மைக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சின்ன வயதில் தோட்டத்தில் காய்ச்சல் முற்றி மயங்கி விழும்வரை வாயே திறக்காத பிள்ளை அவள். இதை இந்தப் பையனுக்கு வேறு யார் சொல்வார்கள்?

"மை டாட்டர் ஆ, பெயின் ஆல்சோ ஷீ நெவர் டெல் ஒன். யூ ஆஸ்க், ஷீ சே நத்திங். யூ மஸ்ட் ஆஸ்க் அகெய்ன்."

சிரிப்பு வெடித்தது. பின் மேசையில் யாரோ "நெவர் டெல் ஒன்" என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டினார்கள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள் விருந்தில் நீங்கள் மைக்கை வைத்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டீர்கள். எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லைங்க.

அதற்குப் பிறகு அவள் பேசவேயில்லை. இன்று காலையில்தான் போனில் கூப்பிட்டாள்.

"எது கேட்டாலும் அவரு ரெண்டு தடவ கேக்குறாரும்மா. தலவலிக்குதான்னா ரெண்டு தடவ, பசிக்குதான்னா ரெண்டு தடவ. ஒரே தொல்ல." குரலில் கோபம் இல்லை. பிறகு, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"எனக்கென்ன, இருக்கேன்."

"அம்மா. நல்லா இருக்கீங்களா?"

"வெக்கமா இருக்குடி," என்றேன். "அத்தன பேரு முன்னுக்கு உன்னைத் தலகுனிய வச்சிட்டேன்."

"எனக்கும் வெக்கமாதாம்மா இருந்துச்சு," என்றாள்.

இப்போதும் அந்த வெட்கம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லைங்க.